முப்பத்திநாலு நிமிட வெள்ளை

பச்சை, பச்சை, நீலம், பச்சை, பிறகு ஒன்றுமில்லை, பிறகு மறுபடி பச்சை. இதைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சுவரில் மாட்டிய பெரிய டிவியில் பட்டை பட்டையாகப் படுத்துக் கிடக்கிறது போன செவ்வாய்க்கிழமையின் ஒரே ஒரு அலாரம், கல்யாண வீட்டு வாசல் சீரியல் பல்பு மாதிரி, என்னவோ கொண்டாட்டம் போல. எதிரே ஹெப்சிபா. இந்தப் பட்டைகளை எல்லாம் எழுதிய பெண். மடிக்கணினியை மூடவும் இல்லை, முழுசாகத் திறக்கவும் இல்லை, கூட்டமான பஸ்ஸில் குழந்தையைப் பிடித்திருப்பவள் மாதிரி மார்போடு பிடித்துக்கொண்டு இருக்கிறாள். மணி பதினொன்று மூன்று. பதினொன்றேகாலுக்கு சென்னியப்பன் வீடியோவில் வருவான். பல்லடம் பக்கம் அவனுக்குக் குஞ்சு பொரிக்கும் நிலையம். என் வண்டிகளில் பாதிக்கு மேல் அவன் குஞ்சுகளைத்தான் சுமக்கின்றன, செவ்வாய்க்கிழமை வரைக்கும் சுமந்தன. நேற்றே சொல்லிவிட்டான். "எனக்கு வெளக்கமெல்லாம் வேண்டாமுங்கக்கா. தப்புப் பண்ணுன ஆளு பேரைச் சொல்லுங்க. அந்த ஆளு அங்க இருக்கப்படாது. அப்பத்தான் என்ற குஞ்சு உங்க வண்டில ஏறும்." ஒரு பேர். பன்னிரண்டு நிமிஷத்துக்குள் ஒரு பேர். அவன் குஞ்சு ஏறாவிட்டால் என் வண்டிகள் ஷெட்டில் நிற்கும், அவ்வளவுதான், சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. இந்த அறையின் ஏசியில் எலி செத்த வாடை வருகிறது. யாரும் எதுவும் செத்ததாகத் தெரியவில்லை என்கிறார்கள். எனக்கு மட்டும் வருகிறது.

வண்டிப் பெட்டிக்குள்ளே சூடு ஏறினால் ஒரு சேதி கிளம்பும். கிளம்பும்போதே அதற்கு ஒரு நம்பர் போட்டுவிடுவார்கள். அந்தச் சேதி எங்கேயோ வாடகைக்கு எடுத்திருக்கிற கம்ப்யூட்டர்களுக்குள் ஒவ்வொரு புரோகிராமாக ஏறி இறங்கும். ஒவ்வொரு புரோகிராமும் இத்தனை மணிக்கு வந்தது, இத்தனை மணிக்குப் போனது என்று அந்த நம்பருக்கு நேரே எழுதும். கடைசியில் டிரைவரின் போன் அடிக்கும்: வண்டியை நிழலில் நிறுத்து, கதவைத் திற. வந்த நேரம் போன நேரம் எல்லாவற்றையும் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினால் இந்தப் பட்டைகள். ட்ரேஸ் என்பார்கள். ஹெப்சிபா முதல் தடவை இதை விளக்க வந்தபோது ஒரு மணி நேரத்துக்குப் படம் வரைந்து வைத்திருந்தாள். நான் பாதியில் நிறுத்தி, "ஏம்மா, இது லாரிக்காரன் ட்ரிப் ஷீட்டு. செக்போஸ்ட்டுக்கு செக்போஸ்ட்டு டைம் போட்டு சீல் குத்தறது. இதுக்கு எதுக்கு இத்தனை படம்?" என்றேன். அவள் மீதிப் படங்களை மூடி வைத்தாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தின எனக்கு இது புரியாது என்று நினைத்திருப்பாள். புரியாதாம். ட்ரிப் ஷீட்டில் பொய் எப்படி எழுதுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும் கண்ணு. எந்த செக்போஸ்ட்டிலும் தப்பாக எழுத மாட்டான். இரண்டு செக்போஸ்ட்டுக்கு நடுவே எங்கே படுத்துத் தூங்கினான் என்பதை எழுத மாட்டான், அவ்வளவுதான். அந்த நடுவிலே இருக்கிற வெள்ளையைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதினொன்று ஆறுக்குச் சேதி வந்தது, பச்சை. சூடு நிஜமா பொய்யா என்று பார்த்தது, பச்சை. எந்த வண்டி, எந்த டிரைவர், நீலம். பிறகு டிவியின் முக்கால் அகலத்துக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கோடியில் நகக்கணு அளவுக்கு ஒரு பச்சை: உரிமையாளர் ஒப்புதல், இரண்டு வினாடி. அதற்கப்புறம் டிரைவருக்கு போன். பதினொன்று நாற்பது.

டிரைவர் ஆறுச்சாமி தாராபுரம் தாண்டி புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்திருந்தான். நான் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், அதற்குள் ஈ வந்துவிட்டது. ஈக்கு யார் சேதி சொல்கிறார்கள், அதற்கு எந்த கம்ப்யூட்டர், ஒரு வினாடி தாமதம் கிடையாது. பிறந்து ஒரு நாள் ஆன குஞ்சுகள், மஞ்சள் பஞ்சு மாதிரி இருக்கும், தட்டு தட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள், கத்திக்கொண்டே இருக்கும், அந்தக் கத்தல்தான் அதுகள் உயிரோடிருப்பதற்கு ரசீது. மேல் வரிசைத் தட்டுகளில் கத்தல் இல்லை. இறகு நனைந்து ஒட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, காற்றைத் தேடி தட்டின் ஓட்டைக்குள் தலையை நுழைத்து அப்படியே. வாயெல்லாம் திறந்திருந்தது. சூடு தாங்காமல் வாயைத் திறந்து மூச்சு வாங்கும், அப்படியே நின்றுபோனவை. ஆறுச்சாமி சாக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டே, "பேனு பெல்ட்டு அறுந்திருக்குதுங்கம்மா, முன்னால கேபின்ல எனக்கொண்ணும் தெரீலீங்க. போனு வந்திருந்தா நிறுத்தியிருப்பனுங்க, சத்தியமா" என்றான். சாக்கு அசைந்தது. உள்ளே ஒன்றிரண்டு உயிரோடு இருந்திருக்கிறது. நான் பார்த்தேன். அவனும் பார்த்தான். பிரித்து எடு என்று நான் சொல்லவில்லை. கையில் ஒட்டியிருந்ததை முந்தானையில் துடைத்தேன், அந்தப் புடவையை வீட்டுக்கு வந்து எரித்தேன், அப்புறமும் மோதிரத்துக்கு அடியில் ஏதோ பிசுபிசுப்பு. இப்போதும். எலியாவது ஒன்றாவது, என் கைதான் நாறுகிறது.

செவ்வாய்க்கிழமை பதினொன்று ஆறு. நான் எங்கே இருந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. யார் கேட்பார்கள்? டயர்க்காரன் கடையில் இருந்தேன். கண்ணாடிக் கதவு, குளுகுளு அறை, எனக்கு எதிரே தட்டில் ஒரு முட்டை பப்ஸ், அதன் மேல் ஒரு ஈ. இருபது வண்டிக்கு டயர் மாற்ற வேண்டும், அவன் ஒரு விலை சொன்னான், நான் ஒரு விலை சொன்னேன், அதற்கப்புறம் பேசவில்லை. என் வித்தை அது ஒன்றுதான். போனைக் கவிழ்த்து மேஜை மேல் வைப்பேன், எதிராளி கண் முன்னால், கோயிலில் சத்தியம் பண்ணக் கற்பூரத்தை வைக்கிற மாதிரி. பிறகு சும்மா உட்கார்ந்திருப்பேன். பேசாமல் உட்கார்ந்திருக்கிற பொம்பளையைத் தாங்கிக்கொள்கிற ஆம்பளை இன்னும் பிறக்கவில்லை. கால்மணி நேரத்தில் தொண்டையைச் செருமுவான், அரைமணியில் வெயிலைப் பற்றிப் பேசுவான், அதற்கப்புறம் தானாக இறங்குவான். போன் உறுமியது. கவிழ்ந்திருந்தது. மேஜையே லேசாக நடுங்கியது, பப்ஸ் தட்டு கிணுகிணுத்தது, ஈ எழுந்து மறுபடி உட்கார்ந்தது. டயர்க்காரன், "போனுங்க" என்றான். "அடிக்கட்டும்" என்றேன். அவன் முகத்தில் ஒரு தோல்வி தெரிந்தது, எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மூன்று தடவை உறுமியது. எனக்குள் சர்க்கரைப் பொங்கல் மாதிரி ஏதோ இனித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் தாராபுரம் ரோட்டில் தட்டுக்குள்ளே வாயைத் திறந்துகொண்டு. அவன் இறங்கினான். கை குலுக்கினோம். போனைத் திருப்பினேன், ஒப்புதல் என்று இருந்தது, என்ன வண்டி எத்தனை டிகிரி என்று படிக்காமல் அமுக்கினேன். இரண்டு வினாடி. பச்சை. பப்ஸைக்கூடத் தின்றேன். ஈ உட்கார்ந்த பப்ஸ். த்தூ.

கடிகாரத்தைப் பார்க்கிறவன் தோற்பான். இதை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை, பத்தொன்பது வயசில் திருப்பூரில் செருப்படி மாதிரி விழுந்தது. கழித்துப்போட்ட பனியன் மூட்டை இரண்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு புரோக்கர் கடைக்குப் போனேன். ஊருக்குக் கடைசி பஸ் ஐந்தேமுக்காலுக்கு. அவன் கடைச் சுவரில் பெரிய கடிகாரம். நான் அதைப் பார்த்தேன், ஒரு தடவைதான் என்று நினைத்தேன், அவன் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். டீ சொன்னான், மூட்டையைப் பிரித்தான், மடித்தான், மறுபடி பிரித்தான், சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லை என்று கதை சொன்னான், ஐந்து நாற்பது ஆனதும் ஒரு விலை சொன்னான். வாங்கிக்கொண்டு ஓடினேன். பின்னால் சிரித்தான். "பொண்ணு பஸ்ஸுக்கு வித்துட்டு ஓடுது" என்றான். அன்றிலிருந்து நான் கைக்கடிகாரம் கட்டினதில்லை. என்னை அடக்கினவன் நேரத்தை வைத்துத்தான் அடக்கினான், நானும் ஊரையெல்லாம் நேரத்தை வைத்துத்தான் அடக்கினேன். அப்படிச் சம்பாதித்துக் கட்டின ஆபீஸில்தான் இன்றைக்கு பொடிப்பொடியாக வினாடியை அறுத்து டிவியில் காயப் போட்டிருக்கிறார்கள். கருவாடு மாதிரி. யாருடைய வினாடி?

"இந்த வெள்ளை என்னம்மா?" என்றேன். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டேன், எச்சில் துப்பிவிட்டு இது யார் துப்பியது என்று கேட்பது போல.

"அதுல எதுவும் பதிவாகல மேடம்."

"ஏன் ஆகல?"

"உங்க ஒப்புதலுக்கான கடிகாரம், நீங்க போனைத் தொடுறப்பதான் மேடம் ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாடி காத்துக்கிட்டு இருந்தது கணக்குல வராது."

"அப்படி எதுக்கு வெச்சே? சேதி வந்த நேரத்துலயிருந்துல்ல வெக்கணும்?"

அவள் டிவியைப் பார்த்தாள், ஏசியைப் பார்த்தாள். "முதல்ல அப்படித்தான் மேடம் வெச்சிருந்தேன்" என்றாள், தூத்துக்குடிக்காரி, பயந்தாலும் வார்த்தையை முழுங்கத் தெரியாது. "நீங்கதான் ஏசுனீங்க."

ஏசினேன். எட்டு மாசம் முன்னால், இதே அறை, இதே டிவி, பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாப் பட்டையும் பச்சையாக இருக்க, ஒன்றே ஒன்று மட்டும் மிளகாய்ப்பழம் மாதிரி நீளமாகச் சிவந்து கிடந்தது, என் பேரோடு: மயிலாத்தாள், ஆறு நிமிடம். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது, தெரிந்திருந்தால் நடக்கிறதே வேறு. எனக்கு அந்தப் புரோக்கர் சிரிப்புத்தான் கேட்டது. "சம்பளம் குடுக்கறவ பேரைச் செவப்புல எழுதறீங்களா? என்னையவே டைம் எடுக்கறீங்களா? யாரு கடையில யாருக்குடி கடியாரம் மாட்டறே?" டம்ளரைத் தூக்கிப் போட்டேன், கம்பளத்தில் இன்னும் அந்த டீக்கறை இருக்கிறது, இதோ, ஹெப்சிபாவின் செருப்புக்குப் பக்கத்தில். மறுநாள் என் பேர் போய் உரிமையாளர் ஆனேன், சிவப்பு போய்ப் பச்சை ஆனேன், ஆறு நிமிஷம் போய் இரண்டு வினாடி ஆனேன். இதில் அசிங்கம் என்னவென்றால் நான் நம்பினேன். வருகிற ஆட்களுக்கெல்லாம் டிவியைக் காட்டி, "பாருங்க, ஓனரம்மா ரெண்டே செகண்டு. மெசினை விட வேகம்" என்று பீற்றிக்கொண்டேன். இவர்கள் தலையாட்டினார்கள். ஊரில் எந்தப் பொய்யையும் மோப்பம் பிடிப்பேன் என்று மார்தட்டுகிறவள், என்னைப் புகழ்கிற பொய்யைத் தினமும் பார்த்துப் பல்லிளித்திருக்கிறேன். அந்த ஒப்புதல் என்கிற கதவைப் போட்டதும் நான்தான். முன்பு அலாரம் நேரே டிரைவருக்குப் போகும், அவன் நிறுத்துவான், சிலது பொய் அலாரமாக இருக்கும், குஞ்சு நேரத்துக்குப் போய்ச் சேராது. சென்னியப்பன் கத்தினான். பேரம். "என்னைக் கேக்காம ஒரு வண்டியும் நிக்காது, போதுமா?" என்று வாக்குக் கொடுத்து அவன் லோடை வாங்கினேன். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு இந்தப் பெண் வந்து கேட்டாள், அந்த விதியை எடுத்துவிடலாமா மேடம் என்று. பதில் சொல்லவில்லை. இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

பதினொன்று பதினான்கு. ஹெப்சிபா என்று சொன்னால் நாலு எழுத்தில் முடிந்தது. பொய்கூட இல்லை. கடிகாரத்தை இடம் மாற்றி வைத்தது அவள் விரல்தானே, புரோகிராமில் அவள் பேர்தானே இருக்கிறது, ஏசினால் தப்பாக வைத்துவிடுவதா, படித்தவளுக்கு முதுகெலும்பு எங்கே போனது? வேறு வேலை கிடைத்துவிடும் இவளுக்கு. கிடைக்குமா? ஆறாயிரம் குஞ்சு ஏறின வண்டியில் பாதியைக் கொன்ற பெண் என்று பேர் போகும் முன்னால், இவள் பின்னால் போகும். அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறார் என்று ஒரு தடவை சொன்னாள். எனக்கு என்ன அதற்கு? நான் பனியன் மூட்டை சுமந்தபோது எவன் பார்த்தான்? இப்படித்தான் என் மனசு விலை பேசுகிறது, தன்னோடேயே, அருவருப்பாக இருக்கிறது, சாக்குக்குள் அசைந்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி. போனைக் கவிழ்த்து மேஜை மேல் வைத்தேன். கை தானாக வைத்தது.

டிவியில் பட்டைகள் பாதியாக ஒதுங்கி, மீதிப் பாதியில் சென்னியப்பன் முகம் வந்தது. நெற்றியில் விபூதி, பின்னால் சாமி படம், பக்கத்தில் யாரோ மிக்ஸி ஓட்டுகிற சத்தம். "ஏனுங்கக்கா, சௌக்கியமுங்களா?" என்றான், மூவாயிரம் குஞ்சைப் புதைத்தவன். "பேரு?"

நான் பேசவில்லை. வேண்டுமென்று இல்லை. பேச வாய் வரவில்லை, ஆனால் முப்பது வருஷப் பழக்கம், வாய் வராததுகூட வித்தையாகத்தான் தெரியும். அவன் காத்திருந்தான். மேஜை லேசாக உறுமியது. அவன் தொண்டையைச் செருமினான். எனக்குள்ளே அந்த இனிப்பு, அந்தக் கேடுகெட்ட இனிப்பு, மெல்ல ஊறியது, இறங்குகிறான், இறங்குகிறான். "வெயிலும் ஓவரா இருக்குதுங்க இந்த வருசம்" என்றான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி விடுங்கக்கா. நஷ்டத்தை நான் கேக்கல. நீங்க என்னத்துக்குப் பேசாம இருக்கறீங்கன்னு தெரீது. அந்தப் புரோகிராம் எழுதுன புள்ள, அதை மட்டும் அனுப்பிச்சிருங்க. எங்க பங்காளிககிட்ட ஒரு பேரு சொல்லோணுமுங்க. ரெண்டு வருசத்துக்கும் என்ற லோடு உங்களுக்குத்தான். சரிங்களா?" இப்படி ஒரு பேரம் என் வாழ்க்கையில் படிந்ததில்லை. வாயைத் திறக்காமல் இரண்டு வருஷம். ஹெப்சிபா டீக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடிக்கணினியைப் பிடித்த விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

"அது நான்தான் தம்பி" என்றேன். "பேரு மயிலாத்தா. எழுதிக்குங்க. டயர்க்கடையில உக்காந்துட்டுப் போனைக் கவுத்து வெச்சிருந்தேன். முப்பத்திநாலு நிமிசம்."

அவன் சிரித்தான். "வெளையாடாதீங்கக்கா. உங்க பேரை வெச்சுட்டு நான் என்ன பண்றது? உங்களை நீங்களே சீட்டுக் கிழிக்க முடியுமுங்களா? ஆகற பேரா ஒண்ணு சொல்லுங்க." ஆகிற பேர். உண்மைக்குச் சந்தையில் விலை இல்லை, போணியாகவில்லை, தட்டில் தூக்கி வைத்தாலும் ஈகூட உட்காரவில்லை. மேஜை மறுபடி உறுமியது. டம்ளரில் தண்ணீர் வட்டம் போட்டது. மறுபடியா? அப்போது ஒரு தடவை உறுமியதே. அந்த இனிப்பில் இருந்தபோது. கேட்டேன். கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

திருப்பினேன். சென்னியப்பன் கண் முன்னாலேயே, பேரத்தின் நடுவிலே, முப்பது வருஷத்தில் முதல் தடவையாகப் போனைத் திருப்பினேன். காங்கேயம் பக்கம் இன்னொரு வண்டி, வேறொருத்தர் குஞ்சு, பெட்டிக்குள் நாற்பது டிகிரி. படித்தேன். அமுக்கினேன். "ஓ, போனெல்லாம் பாப்பீங்களா நீங்க?" என்றான் சென்னியப்பன், அவன் குரலே மாறிவிட்டது, நான் கடிகாரம் பார்த்ததை அந்தப் புரோக்கர் எண்ணினானே, அதே குழைவு, ரத்தவாடை கண்ட குரல். "அவசரமாட்ட இருக்குது. சரி, அப்ப அந்தப் புள்ளையும் போகோணும், வாடகையும் கொஞ்சம் பாத்துப் போடோணுமுங்க." எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறான் பாருங்கள். நானாக இருந்தாலும் இப்படித்தான் ஏறியிருப்பேன். அதை நினைத்ததும் வாயெல்லாம் கசந்தது, அவனைப் பார்த்து அல்ல. "உங்க குஞ்சை வேற வண்டில ஏத்திக்குங்க தம்பி" என்று சொல்லி நானே வீடியோவை அணைத்தேன். அவன் முகம் இருந்த இடத்தில் பட்டைகள் மறுபடி அகலமாக விரிந்தன.

"டிரைவர் எடுத்துட்டார் மேடம்" என்றாள் ஹெப்சிபா, காதில் போனோடு. "ஓரமா நிறுத்திட்டாராம். கதவத் தொறந்துட்டாராம்."

"குஞ்சு?"

"வாயைத் தொறந்துக்கிட்டு நிக்குதாம். கத்துதாம்."

"இனிமே என்னைக் கேக்க வேண்டாம். நேரா டிரைவருக்கே போகட்டும். இப்பவே மாத்து."

தலையாட்டினாள். பிறகு மடிக்கணினியை முழுசாகத் திறந்து, என் பக்கமாகத் திருப்பாமல், டிவியைக் கையால் காட்டினாள். "நேத்தே ஒண்ணு மாத்திட்டேன் மேடம். சொல்ல பயமா இருந்துச்சு." இப்போது வந்த அலாரம். பச்சை, பச்சை, நீலம், அதை ஒட்டி இடைவெளியே இல்லாமல், வெள்ளையே இல்லாமல், சிவப்பு. நல்ல மிளகாய்ப்பழச் சிவப்பு. மயிலாத்தாள், ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி. நான் வாயடைத்து உட்கார்ந்து அவன் இறங்குவதை ருசித்த நேரம், அவன் வெயிலைப் பேசிய நேரம், இவள் விரல் வெளுத்த நேரம், எல்லாம் அதற்குள் கிடந்தது, நீளமாக, அளந்து, என் பேரோடு. யாரும் சிரிக்கவில்லை. கையை முகர்ந்து பார்த்தேன், நாறிக்கொண்டுதான் இருந்தது.

"அழிச்சராதே" என்றேன்.